பந்தும் பலமும் – இங்கிலாந்து மைதானங்களில் டச்சு ஆட்டக்காரர்கள்

1978-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். இங்கிலாந்தின் கிழக்குப் பகுதியில் உள்ள இப்ஸ்விச் என்னும் நடுத்தர நகரம். அங்குள்ள போர்ட்மன் ரோடு மைதானத்தில் உள்ளூர் அணிக்கும் புகழ் மிக்க லிவர்பூல் அணிக்கும் கால்பந்துப் போட்டி நடைபெறுகின்றது. இப்ஸ்விச் அணியில் ஒரு புதுமுகம். பெயர் ஆர்னால்டு மூரன், ஹாலந்து தேசத்தவர், வயது 27. இடக்காலால் பந்தை நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கக் கூடியவர் என்று தம் நாட்டில் பெயர் எடுத்தவர். ஹாலந்தின் ட்வென்ட்டே அணியிலிருந்து ஒன்றரை லட்சம் பவுன் கொடுத்து அவரை வரவழைத்திருந்தார்கள்.

ஆட்டம் தொடங்கிற்று. பந்து ஆகாயத்தில் பறந்தது. பின்வரிசையிலிருந்து முன்வரிசைக்கும், மறுபடியும் அங்கிருந்து இங்கும், நடுவே நின்ற மூரனின் தலைக்கு மேலாகவே அது போய் வந்துகொண்டிருந்தது. கீழே, தரையில், எதிரணியினர் தோளால் இடித்துக்கொண்டும் காலைக் குறுக்கே வீசிக்கொண்டும் மூச்சு விடாமல் ஓடினார்கள். ஆட்டம் முடிந்தபோது இப்ஸ்விச் 3-0 என்று தோற்றிருந்தது. மூரனோ பந்தைத் தொட்ட வேளைகளைக் காட்டிலும் அண்ணாந்து பார்த்த வேளைகளே அதிகம்.

அன்று அவர் முன்னே இரண்டு வழிகள் இருந்தன. ஊருக்குத் திரும்பிப் போகலாம். அல்லது தாம் கற்றதையெல்லாம் மறந்துவிட்டு, மற்றவர்களைப் போல ஓடவும் இடிக்கவும் கற்றுக்கொள்ளலாம். மூரன் இரண்டையும் செய்யவில்லை. அணியின் மேலாளர் பாபி ராப்ஸனிடம் சென்று, தம்மால் அணிக்குப் பயன் வேண்டுமானால் பந்து தம் காலுக்கு வர வேண்டும், தலைக்கு மேலே போகக் கூடாது என்று பணிவாகவும் தெளிவாகவும் சொன்னார். ராப்ஸன் அந்தச் சொல்லை ஏற்றுக்கொண்டார். இங்கிலாந்துக் கால்பந்தாட்டத்தின் போக்கை மாற்றிய காரணங்கள் பல உண்டு. அவற்றுள் இந்தச் சிறு சம்பாஷணையும் ஒன்று என்று சொன்னால் மிகையாகாது.

சனி, ஞாயிறு இரவுகளில் நம் சங்கத்துக் குடும்பங்களின் பிள்ளைகள் தொலைக்காட்சியின் முன் அமர்ந்து இங்கிலாந்து ஆட்டங்களைப் பார்க்கிறார்கள். வான் டைக் என்றும் கிராவன்பெர்க் என்றும் பெயர்களை மனப்பாடமாய்ச் சொல்கிறார்கள். அந்தப் பெயர்களின் பின்னே உள்ள நீண்ட கதையைப் பெரியவர்களும் அறிந்துகொள்வது நல்லது. வேற்றூர் போய்ப் பிழைக்கிறவன் எதை மாற்றிக்கொள்ள வேண்டும், எதை விடாமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்னும் கேள்வி அதில் அடங்கியிருக்கின்றது. அந்தக் கேள்வி நமக்கும் அந்நியமானதன்று.

மூடிக் கிடந்த கதவு

இங்கிலாந்தின் கதவு பிறநாட்டு ஆட்டக்காரர்களுக்கு நெடுங்காலம் மூடியே கிடந்தது. 1930-31-ஆம் ஆண்டுப் பருவத்தில் கெரிட் கெய்ஸர் என்ற டச்சு இளைஞர் லண்டன் ஆர்ஸனல் அணியின் கோல் காவலராகப் பன்னிரண்டு லீக் ஆட்டங்களில் விளையாடினார். அந்த ஆண்டு ஆர்ஸனல் முதன் முறையாக லீக் பட்டத்தையும் வென்றது. ஆயினும் உள்நாட்டு ஆட்டக்காரர்களின் பிழைப்பு கெடும் என்ற கூச்சல் எழுந்தது. வெளிநாட்டார் இரண்டாண்டு இங்கிலாந்தில் குடியிருந்தாலன்றித் தொழில்முறையில் ஆடக் கூடாது என்று 1931-இல் விதி செய்தார்கள். குடியிருக்கும் இரண்டாண்டும் ஆடாமல் வயிறு வளர்ப்பது எப்படி? விதி நயமாக இருந்தாலும் அதன் பொருள் தடை என்பதே.

ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த ஆட்டக்காரர்களைத் தேசத்தைக் காரணம் காட்டி விலக்கலாகாது என்று 1978-இல் முடிவாயிற்று. அந்தத் தடை நீங்கிய கோடையிலேயே வந்தவர் மூரன். அடுத்த பிப்ரவரியில் ட்வென்ட்டேயில் அவரோடு ஆடிய ஃபிரான்ஸ் தைஸனும் இரண்டு லட்சம் பவுனுக்கு இப்ஸ்விச் வந்து சேர்ந்தார். ஊர் விட்டு ஊர் வந்தவனுக்குத் தன் பாஷை பேசும் ஒருவன் பக்கத்தில் இருப்பது எவ்வளவு பெரிய பலம் என்பதை நாம் சொல்லத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை.

இரண்டு பள்ளிகள்

இரு நாடுகளுக்கும் இடையே கடல் குறுகியது; ஆட்ட முறைகளுக்கு இடையே இருந்த தூரமோ பெரிது. ஹாலந்தில் சிறுவன் முதலில் கற்பது பந்தை வாங்கும் கலை. பந்து வருமுன்பே அக்கம் பக்கம் பார்த்துவிட வேண்டும். உடலைப் பாதி திருப்பி நிற்க வேண்டும். முதல் தொடுதலிலேயே பந்தை எதிரி இல்லாத பக்கம் தள்ளிவிட வேண்டும். மோத வருகிறவன் வந்து சேரும்போது அங்கே வெறும் இடம்தான் இருக்கும். மனிதன் ஓடிக் களைப்பதைவிடப் பந்தை ஓடவிடுவது மேல் என்பது அந்தப் பள்ளியின் பாடம். இதனால் டச்சுக்காரர் மென்மையானவர் என்று எண்ணிவிடக் கூடாது. 1971, 1972, 1973 ஆகிய மூன்று ஆண்டுகளும் தொடர்ந்து ஐரோப்பியக் கோப்பையை வென்ற ஆம்ஸ்டர்டாம் அயாக்ஸ் அணியினர், பந்தை இழந்த மறுகணமே கூட்டமாகப் பாய்ந்து அதை மீட்பவர்கள். அவர்களிடம் உடல் வலிமை இருந்தது. அதைச் செலவிடும் இடம்தான் வேறாக இருந்தது.

இங்கிலாந்தின் பள்ளி மற்றொரு வகையானது. அங்கே ஆட்டம் என்பது தூரமும் வேகமும் மோதலும் கலந்தது. நீண்ட பந்தை முன்னே அனுப்பி, அது விழும் இடத்தில் முட்டி மோதி வெல்வது அங்கே வழக்கம். தோளோடு தோள் இடிப்பதை நடுவர் பொதுவாகக் கண்டிப்பதில்லை. மழைக் காலத்தில் மைதானம் சேறாகிவிடும். சேற்றில் பந்து உருளாது. நுட்பம் உள்ளவனின் கால் பாதிப் பயனை இழந்துவிடும்.

இவை எல்லாவற்றையும் விடக் கடினமானது ஆட்டங்களின் எண்ணிக்கை. ஹாலந்தின் முதல் பிரிவில் 18 அணிகள். ஆளுக்கு 34 ஆட்டங்கள். பனிக்காலத்தில் சில வாரங்கள் ஓய்வு. மூரன் வந்தபோது இங்கிலாந்தின் முதல் பிரிவில் 22 அணிகள், 42 ஆட்டங்கள். அவற்றோடு இரண்டு உள்நாட்டுக் கோப்பைகள்; தகுதி பெற்றால் ஐரோப்பியப் போட்டியும் உண்டு. கிறிஸ்துமஸ் வாரத்தில் ஹாலந்து ஆட்டக்காரர் குடும்பத்தோடு இருப்பார். இங்கிலாந்தில் அதே வாரத்தில்தான் ஆட்டங்கள் நெருக்கமாக வரும். மாற்று ஆட்டக்காரராக அந்நாளில் ஒரே ஒருவரைத்தான் லீக் ஆட்டத்தில் இறக்கலாம். களைத்தவன் களைத்தபடியே ஆடி முடிக்க வேண்டியதுதான்.

இப்ஸ்விச்சின் 66 ஆட்டங்கள்

ராப்ஸன் தம் அணியின் ஆட்டத்தைத் தரைக்கு இறக்கினார். பின்வரிசையில் மிக் மில்ஸும் டெர்ரி புட்சரும் உரமாய் நின்றார்கள். முன்னே பால் மாரினர் மோதலுக்கு அஞ்சாதவர். நடுக்களத்தில் மூரனும் தைஸனும் பந்தை வாங்கினார்கள், நிதானித்தார்கள், பிறகு அனுப்பினார்கள். தைஸன் பந்தைக் காலோடு ஒட்டியபடி வளைந்து வளைந்து செல்வதில் வல்லவர். எதிரி காலை நீட்டும் கணத்தில் பந்தை மறுபுறம் இழுத்துக்கொள்வார். இவர்கள் இருவரும் திறந்துவிட்ட இடங்களில் புகுந்து ஜான் வார்க் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1980-81 பருவத்தில் மட்டும் 36 கோல்கள் அடித்தார். இத்தனைக்கும் அவர் முன்வரிசைக்காரரும் அல்லர்!

அந்தப் பருவத்தில் இப்ஸ்விச் அணி மொத்தம் 66 ஆட்டங்கள் ஆடியது. லீக், இரண்டு கோப்பைகள், ஐரோப்பியப் போட்டி எல்லாம் சேர்ந்து வந்த கணக்கு இது. லீக் பட்டத்துக்குப் போட்டியாய் இருந்த ஆஸ்டன் வில்லா அணியை இப்ஸ்விச் அவ்வாண்டு மூன்று முறை வென்றது. எனினும் பட்டம் வில்லாவுக்கே போயிற்று. பருவம் முழுவதும் பதினான்கு ஆட்டக்காரர்களை மட்டுமே கொண்டு ஆடிய வில்லாவுக்குக் கோப்பை ஆட்டங்களின் சுமை குறைவு. இப்ஸ்விச்சோ கடைசி வாரங்களில் கால் ஓய்ந்து தோல்வி மேல் தோல்வி கண்டது. நுட்பம் குறைந்ததால் அன்று, உடல் தளர்ந்ததால் பட்டம் கை நழுவிற்று.

ஆனால் முழுதும் வெறுங்கையோடு போகவில்லை. 1981 மே மாதம் யூஇஎஃப்ஏ கோப்பையின் இறுதிப் போட்டி. எதிரே நின்றது ஹாலந்தின் ஆல்க்மார் நகரத்து அணி! போர்ட்மன் ரோட்டில் 3-0 வெற்றி. ஆம்ஸ்டர்டாமில் 4-2 தோல்வி. இரண்டும் கூட்டி 5-4 என்று இப்ஸ்விச் கோப்பையை வென்றது. இரண்டு ஆட்டங்களிலும் தைஸன் கோல் அடித்தார். பிறந்த நாட்டு அணியை, புகுந்த நாட்டின் சட்டையை அணிந்து தோற்கடித்த அவரையே அவ்வாண்டின் சிறந்த ஆட்டக்காரராக இங்கிலாந்தின் கால்பந்துப் பத்திரிகை எழுத்தாளர்கள் தேர்ந்தெடுத்தார்கள். அரை நூற்றாண்டுக்கு முன் கதவை அடைத்த நாடு அது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பொறுமையின் பயன்

1995-இல் இரண்டாம் அலை வந்தது. மிலான் நகரின் இன்டர் அணியிலிருந்து 75 லட்சம் பவுனுக்கு டெனிஸ் பெர்க்காம்ப் ஆர்ஸனலுக்கு வந்தார். முதல் ஏழு ஆட்டங்களில் ஒரு கோலும் இல்லை. பத்திரிகைகள் எள்ளி நகையாடின. இத்தனை பணம் கொடுத்து வாங்கியவர் இந்த வேகத்தைத் தாங்குவாரா என்று கேட்டன. செப்டம்பர் 23-ஆம் நாள் ஸௌதாம்ப்டன் அணிக்கு எதிராக அவர் இரண்டு கோல்கள் அடித்தபோதுதான் அந்தக் குரல் ஓய்ந்தது.

பெர்க்காம்ப் செய்த மாறுதல் நுட்பமானது. எதிரியைவிடப் பலசாலியாக அவர் முயலவில்லை. எதிரியைவிட ஒரு கணம் முன்னதாக முடிவு செய்யப் பழகினார். அதே சமயம், தொட்டால் விழுகிறவர் என்ற பெயரையும் எடுக்கவில்லை. இடித்தால் இடிப்பார், அதற்காகச் சிவப்பு அட்டை வாங்கியதும் உண்டு. 1996-இல் ஆர்ஸன் வெங்கர் என்ற பிரெஞ்சுக்காரர் மேலாளராக வந்து உணவு முறையையும் உடற்பயிற்சி முறையையும் திருத்தியமைத்தார். அது வயதேறும் உடலுக்குப் பெரிய துணையாயிற்று. 1998-இல் பெர்க்காம்ப் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரரானார். ஆயினும் அவ்வாண்டு எஃப்ஏ கோப்பை இறுதி ஆட்டத்தில் அவரால் இறங்க முடியவில்லை. தொடையின் பின்புறத் தசை காயப்பட்டிருந்தது. அந்த ஆட்டத்தில் முதல் கோலை அடித்தவர் மார்க் ஓவர்மார்ஸ் என்ற இன்னொரு டச்சுக்காரர். பெர்க்காம்ப் 2006 வரை ஆர்ஸனலில் இருந்தார். 423 ஆட்டங்களில் 120 கோல்கள் என்பது அவர் விட்டுச் சென்ற கணக்கு.

அதே 1995-இல் ரூட் குல்லிட் 32 வயதில் செல்ஸீ அணிக்கு வந்தார். பின்வரிசையில் நின்று, உயரே வரும் பந்தை மார்பில் தாங்கி, நிதானமாய்த் தோழனுக்குத் தள்ளிவிடுவது அவர் பழக்கம். அப்படி ஒரு பந்து வரும் என்று தோழர்கள் எதிர்பார்த்திருக்கவில்லை! நாளடைவில் குல்லிட் நடுக்களத்துக்கு மாறினார். மறு ஆண்டே ஆட்டக்காரராக இருந்துகொண்டே மேலாளரானார். 1997-இல் எஃப்ஏ கோப்பையை வென்றார். இங்கிலாந்தின் பெரிய கோப்பை ஒன்றை வென்ற முதல் அயல்நாட்டு மேலாளர் அவரே.

1998-இல் ஒரு கோடி பவுனுக்கு மேற்பட்ட விலைக்கு மான்செஸ்டர் யுனைடெட் வாங்கிய யாப் ஸ்டாம் மலை போன்ற மேனியர். அவருக்கு எதிராக யாரும் உடல் வலிமைக் குறைவைச் சொல்ல முடியாது. அவருங்கூடப் பருவத் தொடக்கத்தில் ஆர்ஸனலிடம் 3-0 என்று தோற்ற ஆட்டத்தில் தடுமாறினார். வேகத்துக்குக் கண் பழகச் சில வாரங்கள் பிடித்தன. அந்தப் பருவம் முடியும்போது அவர் அணி மூன்று பெரிய பட்டங்களை ஒருங்கே வென்றிருந்தது. பலம் வேறு, பழக்கம் வேறு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

உடல் கொடுக்கும் விலை

எல்லாருக்கும் இந்தப் பேறு வாய்த்ததன்று. மெம்பிஸ் டிபாய் 2014-15-இல் ஹாலந்து லீகில் 22 கோல்கள் அடித்து முதலிடம் பெற்றவர். மான்செஸ்டர் யுனைடெட்டில் அவர் அடித்த லீக் கோல்கள் இரண்டே. வின்ஸென்ட் யான்ஸன் மறு ஆண்டு அங்கே 27 கோல்கள் அடித்தவர். டாட்டன்ஹாம் அணியில் முதல் பருவத்தில் அவருக்குக் கிடைத்த லீக் கோல்களும் இரண்டுதான். இவர்கள் திறமையற்றவர்கள் அல்லர். பந்து காலுக்கு வந்தபின் ஹாலந்தில் கிடைக்கும் அவகாசம் இங்கிலாந்தில் கிடைப்பதில்லை. அந்தக் கண நேரக் குறைவு ஆட்டக்காரனின் கணக்கையெல்லாம் கலைத்துவிடுகின்றது. டிபாய் பின்னர் பிரான்ஸ் நாட்டின் லியோன் அணிக்குச் சென்று மீண்டும் மலர்ந்தார்.

காயத்தின் கதைகளும் உண்டு. ரூட் வான் நிஸ்டல்ரூய் 2000-ஆம் ஆண்டிலேயே மான்செஸ்டருக்கு வர இருந்தவர். முழங்காலில் ஐயம் எழுந்ததால் ஒப்பந்தம் நின்றது. சில நாட்களில் பயிற்சியின்போது, முழங்கால் மூட்டைப் பிணைத்து நிற்கும் நார் அறுந்தது. ஓர் ஆண்டு காத்திருந்து உடலைத் தேற்றிக்கொண்டு 2001-இல் வந்தவர், ஐந்து பருவங்களில் 150 கோல்கள் அடித்தார். 2004-இல் இருபது வயதில் ஆர்ஸனலுக்கு வந்த ராபின் வான் பெர்ஸி பல பருவங்களைக் காயங்களால் பாதியாய் இழந்தார். ஏழு ஆண்டுகளுக்குப் பின், 2011-12-இல், 38 லீக் ஆட்டங்களிலும் ஆடி 30 கோல்கள் அடித்தார். அந்த உடலைப் பேணக் கற்றுக்கொள்ள அத்தனை காலம் ஆயிற்று.

வெர்ஜில் வான் டைக் படிப்படியாக ஏறியவர். குரோனிங்கனிலிருந்து 2013-இல் ஸ்காட்லாந்தின் செல்டிக், 2015-இல் ஸௌதாம்ப்டன், 2018 ஜனவரியில் ஏழரைக் கோடி பவுனுக்கு லிவர்பூல். ஒவ்வொரு படியிலும் மோதல் கூடிற்று. அவரும் அதற்கேற்ப உரம் பெற்றார். 2020 அக்டோபரில் எவர்டன் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஏற்பட்ட மோதலில் முழங்கால் நார் அறுந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவர் ஆடவில்லை. மறுபருவத்தில் திரும்பி வந்து, பின்னர் அணித் தலைவராகி, 2024-25-இல் லீக் பட்டத்தை உயர்த்திப் பிடித்தார். யூரியன் டிம்பர் 2023 ஆகஸ்டில் ஆர்ஸனலுக்காக ஆடிய முதல் லீக் ஆட்டத்திலேயே முழங்கால் நாரை இழந்தார். பருவத்தின் இறுதி நாளில்தான் மீண்டும் லீக் மைதானத்தில் கால் வைத்தார்.

இன்று மைதானங்கள் சேறில்லாத பசும்புல் விரிப்புகளாகிவிட்டன. அணிகள் 20 ஆகவும் லீக் ஆட்டங்கள் 38 ஆகவும் குறைந்துவிட்டன. ஐந்து மாற்று ஆட்டக்காரர்களை இறக்கலாம். ஆனால் வேகம் ஏறியிருக்கின்றது. 2020-இல் கொண்டுவந்த குளிர்கால இடைவேளையும் 2024-25 பருவத்திலிருந்து கைவிடப்பட்டது. சேற்றின் இடத்தை வேகம் பிடித்துக்கொண்டது என்று கொள்ளலாம்.

மாறியது யார்?

முடிவாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். வந்தவர்கள் மட்டுமா மாறினார்கள்? இப்ஸ்விச்சில் பந்தைத் தரைக்கு இறக்கிய ராப்ஸன், 1990-இல் தாமே ஹாலந்து சென்று பிஎஸ்வி அணியின் மேலாளராக இரண்டு லீக் பட்டங்களை வென்றார். லிவர்பூல் 2024-25-இல் பட்டம் வென்றபோது அதன் மேலாளர் ஆர்னே ஸ்லாட் என்ற டச்சுக்காரர். முந்திய பருவத்தில் பெரும்பாலும் மாற்று ஆளாக இருந்த ரையன் கிராவன்பெர்க்கை அவர் நடுக்களத்தின் ஆழத்தில் நிறுத்தினார். அங்கே அவர் பாதி திரும்பி நின்று பந்தை வாங்கி, மோத வருகிறவனை வெறும் இடத்தில் மோதவிட்டுச் செல்கிறார். அந்தப் பருவத்தின் சிறந்த இளம் ஆட்டக்காரர் என்ற விருது அவருக்குக் கிடைத்தது. மூரன் அன்று கேட்டது போல, பந்து இன்று காலுக்கே வருகின்றது.

அந்த மூரன் என்ன ஆனார் என்று வாசகர்கள் கேட்கலாம். 1982-இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குச் சென்று, மறு ஆண்டு எஃப்ஏ கோப்பை இறுதி மறு ஆட்டத்தில் ஒரு கோலும் அடித்தார். ஏழு பருவங்கள் இங்கிலாந்தின் மழையிலும் சேற்றிலும் இடிபட்டு, 1985-இல் தாய்நாடு திரும்பினார். 1988 ஜூன் 25-ஆம் நாள் மியூனிக் நகரில் ஐரோப்பிய நாடுகளின் போட்டியில் இறுதி ஆட்டம். ஹாலந்துக்கு எதிரே ஸோவியத் நாடு. இடப்புறத்திலிருந்து மூரன் தம் இடக்காலால் பந்தை உயரத் தூக்கி அனுப்பினார். அது வலப்புறத்தில், கோணத்தின் ஓரத்தில் இறங்கிற்று. மார்கோ வான் பாஸ்டன் அதைத் தரை தொடவிடாமல் அடித்த கோலை உலகம் இன்றும் பேசுகின்றது. ஹாலந்து 2-0 என்று வென்றது.

அன்று மூரனுக்கு வயது 37. இத்தனை இடிகளைத் தாங்கிய பின்னும், பந்தை நினைத்த இடத்தில் கொண்டுபோய் வைக்கும் அந்த இடக்கால் அப்படியே இருந்தது.